சுண்டை நாட்டு எல்லைக் காவலன்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். ராஜா என்றால் நாடு இருக்கும், நாடு என்றால் பெயர் இருக்கும். அந்தப் பெயர் இந்தக் கதைக்கு வேண்டாம், விட்டுவிடுவோம். ராஜாவின் பெயர் செண்பகவர்மர். தங்கமான மனிதர். ஆனால் மகாராணி கண்ணை மூடிய நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மடைப்பள்ளியிலிருந்து போகும் தட்டு, வைத்தது வைத்தபடி மடைப்பள்ளிக்கே திரும்பி வரும். சமையற்காரர்களை மாற்றிப் பார்த்தார்கள், வைத்தியர்களை மாற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. வயிறு காய்ந்தவனுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் அல்லவா? ராஜாவுக்கும் நின்றது.

ஒருநாள் சபையில் அண்டை நாட்டுச் சேதிகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். வடக்கே ஒருவன் கப்பம் கட்டவில்லை. கிழக்கே ஒருவன் எல்லைக்கல்லை நகர்த்திவிட்டான். மேற்கே ஒருவன் பெண் கொடுக்கிறாயா, படையெடுக்கட்டுமா என்கிறான். கேட்டுக்கொண்டிருந்த ராஜா சிம்மாசனத்தின் கைப்பிடியை ஓங்கித் தட்டினார்.

"போதும்! எந்த நாட்டை எடுத்தாலும் வம்பு, வழக்கு. எனக்குக் கடமைப்படாத, என்னைப் பகைக்காத, எந்தத் தேசப்படத்திலும் குறிக்கப்படாத ஒரு நாட்டின் சேதி எனக்கு வேண்டும். இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும். சபையில் இத்தனை பேர் எதற்கு இருக்கிறீர்கள்?"

சபையில் இத்தனை பேரும் தங்கள் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகாமந்திரி விசயராயர் தாடியைத் தடவினார். யோசனை வராதபோது தாடியைத் தடவுவது அவர் வழக்கம். பாவம், தாடி பாதியாகிவிட்டது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அந்த நாடு எனக்குத் தெரியும், மகாராஜா. பெயர் சுண்டை நாடு."

சொன்னவன் அரண்மனை விகடகவி குழைக்காதன். ஒல்லி உடம்பு, காதில் தொங்கும் பித்தளைக் குழை, எப்போதும் எதையோ விழுங்கிவிட்டுச் சிரிப்பை அடக்குவதுபோல ஒரு முகம்.

"சொல்" என்றார் ராஜா.

"இங்கே முடியாது, பிரபு. மாலையில் நந்தவனத்து மகிழமரத்தடிக்கு வாருங்கள். தட்டையும் அங்கே கொண்டுவரச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு இருப்பவரிடம் தன் சேதியைச் சொல்லக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம்."

அன்று மாலை மகிழமர வேரில் சாய்ந்துகொண்டு ராஜா கேட்டார். "எங்கே இருக்கிறது அது? வழி தூரமா?"

"தூரமே இல்லை, மகாராஜா. தாங்கள் சாய்ந்திருக்கும் இந்த வேர்தான் அதன் எல்லைக்கல்" என்று ஆரம்பித்தான் குழைக்காதன்.

சுண்டை நாட்டில் ராஜாதான் ஊருக்கெல்லாம் ரசம் வைக்க வேண்டும். ரசத்தில் உப்பில்லை என்று எவன் சொல்கிறானோ அவன்தான் மறுநாள் ராஜா. அதனால் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. அந்தக் கிழட்டு ராஜா உப்பே போடாமல் வைத்துப் பார்க்கிறார், புளியே கரைக்காமல் வைத்துப் பார்க்கிறார், ஜனங்கள் "ஆகா, தேவாமிர்தம்!" என்று குடித்துவிட்டுப் போகிறார்கள். அவருக்கு ராஜ்யத்திலிருந்து விடுதலையே கிடைக்கவில்லை. அந்த நாட்டு வீரர்கள் வாளைப் பலாப்பழம் நறுக்குவதற்கு மட்டும் உறையிலிருந்து எடுப்பார்கள். எல்லைக் காவலன் வருகிறவனைப் பார்த்து "நீ யார், எந்த ஊர்?" என்று கேட்கமாட்டான். "சாப்பிட்டாயிற்றா?" என்றுதான் கேட்பான்.

ரசம் வைக்கும் ராஜாவை நினைத்துச் சிரித்த சிரிப்பில், செண்பகவர்மர் தட்டு காலியானதைக் கவனிக்கவில்லை. மறைவில் நின்ற சமையற்காரன் கவனித்தான். தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டான்.

இங்கே அந்த அரண்மனையில் ராஜாவின் பாட்டனார் விதித்த வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராஜா ஒருவர் சொன்னதைக் கேட்டு முடித்து, தன் கையால் வெற்றிலை கொடுத்துவிட்டால் அந்தச் சொல் நிலைத்துவிட்டது என்று அர்த்தம். "இந்த வயல் எங்களுடையது, மகாராஜா" என்று ஒரு குடியானவன் சொல்லி, ராஜா வெற்றிலை கொடுத்துவிட்டால் வயல் அவனுடையதுதான். அப்புறம் மறுபேச்சு கிடையாது. மகாமந்திரி போய் எல்லைக்கல் நட்டுவிட்டு வர வேண்டும். அன்று மாலையும் ராஜா சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டார். உதடு சிவக்கச் சிவக்க மென்றபடி, குழைக்காதனுக்கும் இரண்டு கொடுத்தார். மறுநாளும் கொடுத்தார். மாலைதோறும் கதை, கதைதோறும் சாப்பாடு, சாப்பாடுதோறும் வெற்றிலை என்று அது நடந்துகொண்டே போனது. ராஜாவின் கன்னத்தில் மறுபடியும் சதை பிடித்தது.

இதில் விசயராயருக்கு என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை. ஆனால் ஊரார் சிரித்தால் வயிறு எரிகிறவர்கள் உண்டே! அதோடு ஒருநாள் குழைக்காதன், "சுண்டை நாட்டில் வெயிலில் காத்திருக்கும் ஜனங்களுக்கு மந்திரிதான் விசிறி எடுத்து வீச வேண்டும்" என்று சொல்லிவைத்தான். ராஜா கடகடவென்று சிரித்துவிட்டு, மறுநாள் காலையில் மந்திரியின் கையில் ஒரு பனையோலை விசிறியைக் கொடுத்துவிட்டார். விசயராயர் வீசினார். வீசிய ஒவ்வொரு வீச்சிலும் குழைக்காதன்மேல் கோபம் கனன்றது.

அவர் துறைமுகத்துக்கு ஆள் அனுப்பி, கடலோடிகளையும் வியாபாரிகளையும் திரட்டிக்கொண்டு வந்தார். நிறைந்த சபையில் அவர்களை நிறுத்தினார்.

"மகாபிரபு, இவர்கள் கால் படாத கரை இல்லை. சுண்டை நாடு என்ற பெயரை இவர்களில் ஒருவராவது கேட்டதுண்டா என்று விசாரித்தருள வேண்டும்."

ஒருவரும் கேட்டதில்லை.

"தாங்கள் படத்தில் இல்லாத நாட்டைத்தான் கேட்டீர்கள். பூமியில் இல்லாத நாட்டைக் கேட்கவில்லை. இவன் தங்களிடம் பொய் சொல்லியிருக்கிறான். அரசரிடம் பொய் சொன்னவன் மறுநாள் சூரியன் உதிக்கும்முன் இந்த நாட்டு மண்ணைவிட்டு நீங்க வேண்டும். இது தங்கள் பாட்டனார் விதித்த சட்டம்."

ராஜாவின் முகம் வாடிவிட்டது. சட்டத்தையும் மீற முடியாது, குழைக்காதனையும் விட முடியாது.

"குழைக்காதா, சும்மா கட்டிய கதை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. மன்னித்துவிடுகிறேன்."

குழைக்காதன் ராஜாவின் முகத்தைப் பார்த்தான். வாய்தான் அப்படிச் சொன்னது. கண் இரண்டும், 'சொல்லிவிடாதே, அப்பா' என்று கெஞ்சின. கதைதான் என்று இவன் ஒப்புக்கொண்டால் இவன் பிழைத்துக்கொள்வான். ஆனால் அந்த ரசம் வைக்கும் கிழவர் செத்துப்போவார், மகிழமரத்தடி வெறும் மரத்தடி ஆகிவிடும், தட்டு மறுபடியும் வைத்தபடியே திரும்பிப் போகும். அவனுக்கு ராஜாவிடம் அப்படி ஒரு பிரியம்.

"அந்த நாடு இருக்கிறது, மகாராஜா" என்றான்.

சபை "ஐயோ" என்றது. ராஜா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். குழைக்காதன் கைகூப்பிக் கேட்டான்: "எந்த நாட்டுக்குப் போவது என்று உத்தரவாக வேண்டும்."

"உன் சுண்டை நாட்டுக்கே போயேன்!" என்று இளித்தார் விசயராயர்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா, யார் முகத்தையும் பார்க்காமல்.

"உத்தரவு" என்று வணங்கிவிட்டு வீட்டுக்குப் போனான் குழைக்காதன். சேதி அவனுக்கு முன்னாலேயே அவன் மனைவி தையல்நாயகியின் காதுக்குப் போயிருந்தது.

"ஏங்க, 'ஆமா, பொய்தான்'னு சொல்லியிருந்தா உங்க மகுடம் சரிஞ்சு போயிருக்குமா? ஊரு, வீடு, முருங்கமரம் எல்லாத்தையும் விட்டுட்டு எங்க போறதாம்?"

"என் மகுடம் கிடக்கட்டும் புள்ள. அந்த மனுசன் மறுபடியும் பட்டினி கிடப்பாரே!"

தையல்நாயகி பரணிலிருந்து மூட்டைத் துணியை எடுத்தாள். அவள் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"சரி, ரொம்ப தூரமா?"

"பக்கத்துலதான். மூட்டையைச் சின்னதாவே கட்டு. பழைய சோத்துப் பானையை மட்டும் மறந்துடாத."

மறுநாள் பொழுது விடிந்தது. குழைக்காதன் ஒழிந்தான் என்று கண்ணாரக் கண்டுவிட வேண்டும் என விசயராயர் பல் துலக்கிய கையோடு அவன் வீட்டுக்கு ஓடினார். வீடு பூட்டியிருந்தது. மனம் குளிர்ந்து அரண்மனைக்குத் திரும்பினால், நந்தவனத்தில் காவலர் கூட்டம். மகிழமரத்தைச் சுற்றி நான்கு மூலைக்கு நான்கு கல் நட்டிருந்தது. உள்ளே ஒரு பாய், ஒரு பானை, ஒரு மூட்டை. பாயில் தையல்நாயகி. கல்லோரத்தில் கையில் முருங்கைக்குச்சியோடு குழைக்காதன்.

"டேய்! சூரியன் உதித்துவிட்டது. இன்னும் இங்கே என்ன செய்கிறாய்? பிடித்து வெளியே தள்ளுங்கள் இவனை!"

ஒரு காவலன் பாய்ந்து வந்தான். குழைக்காதன் குச்சியை நீட்டி மறித்தான்.

"நில்லப்பா. சாப்பிட்டாயிற்றா?"

காவலன் திகைத்தான். "இல்லீங்க. ராத்திரி காவல், இன்னும் வீட்டுக்கே போகல."

"உண்மை பேசுகிறான், உள்ளே விடலாம். தையலு, இவருக்கு ஒரு வாய் நீராகாரம்."

காவலன் ஈட்டியைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். அந்த நேரத்தில் ராஜா வந்து சேர்ந்தார். இரவெல்லாம் தூங்காத கண். தலைப்பாகைகூடக் கட்டியிருக்கவில்லை. குழைக்காதனைப் பார்த்ததும் அந்தக் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. காவலர்களும் மந்திரியும் பார்க்கிறார்களே என்று அதை மறைத்துக்கொண்டு, "இது என்ன?" என்று அதட்டினார்.

"தங்கள் உத்தரவுப்படி சுண்டை நாட்டுக்கு வந்துவிட்டேன், மகாராஜா. முதல் நாள் மாலை என்ன சொன்னேன்? இந்த வேர்தான் எல்லைக்கல் என்றேன். கேட்டு முடித்துத் தங்கள் கையால் வெற்றிலை கொடுத்தீர்கள். வெற்றிலை வாங்கிய சொல்லுக்கு மறுபேச்சு இல்லை என்பதும் தங்கள் பாட்டனார் விதித்த சட்டந்தானே? கல் நடுவது மகாமந்திரியின் வேலை. அவருக்கு விசிறி வீசவே நேரம் போதவில்லை. அதனால் நானே நட்டுவிட்டேன்."

விசயராயரின் கை தாடிக்குப் போனது. "மகாபிரபு! இது... இது நாலு பாய் அகலம்கூட இல்லை! இதுவா ஒரு நாடு?"

"சுண்டை நாடு என்றுதானே சொன்னேன், மந்திரியாரே? பூசணி நாடு என்று சொல்லவில்லையே! அந்தப் பெயரைக் கேட்டதுண்டா என்று துறைமுகம் முழுக்க விசாரித்தீர்கள். எவ்வளவு பெரிய நாடு என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை."

கூட்டத்தில் யாரோ களுக்கென்றார்கள். ராஜா சிரிக்கவில்லை. மெல்ல நடந்து எல்லைக்கல்லின் அருகில் வந்து நின்றார். குழைக்காதன் குச்சியை நீட்டினான். ராஜாவையே மறிக்கிறான்!

"சாப்பிட்டாயிற்றா, மகாராஜா?"

இந்தக் கேள்விக்கு நீங்களும் நானும் என்ன சொல்வோமோ அதைத்தான் ராஜாவும் சொன்னார்.

"ஆயிற்று."

குழைக்காதன் தலையை ஆட்டினான். "சாப்பிட்டால் வெற்றிலை போடாமல் இருக்கமாட்டீர்கள். தங்கள் உதடோ வெளுத்துக் கிடக்கிறது. அரசர் பொய் சொல்கிறார்."

விசயராயர் பாய்ந்தார். "என்ன துணிச்சல்! மன்னரைப் பார்த்துப் பொய்யர் என்கிறானே!"

ராஜா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "ஆமாம். பொய்தான் சொன்னேன். உன் நாட்டில் பொய்க்கு என்ன தண்டனை, குழைக்காதா?"

"தங்கள் நாட்டில் பொய் சொன்னவனை வெளியே அனுப்புவீர்கள், பிரபு. எங்கள் நாட்டில் உள்ளே அழைத்து உட்காரவைத்து, வயிறு நிறையும் மட்டும் எழுந்திருக்க விடமாட்டோம். கொஞ்சம் கடுமையான சட்டந்தான்."

ராஜா சிரித்தார். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி, தோள் குலுங்கி, கண்ணில் நீராய் வந்து நின்றது. அது சிரிப்பு நீர்தானா என்று யாரும் கேட்கவில்லை. குனிந்து எல்லைக்கல்லைத் தாண்டி, காவலனுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தையல்நாயகி வாழையிலை விரித்துப் பழைய சோற்றைப் பிழிந்து வைத்தாள். தொட்டுக்கொள்ள என்ன வைத்திருப்பாள்? சுண்டை வற்றல்தான். ராஜா இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"அந்தக் கிழவர் நேற்று ரசத்தில் என்ன போடாமல் விட்டார்?" என்று வாய் நிறையச் சோற்றோடு கேட்டார்.

"மிளகு, மகாராஜா. ஜனங்கள் இன்னும் புகழ்ந்துகொண்டிருக்கிறார்கள்."

கையலம்பிவிட்டு ராஜா எழுந்தார். தன் தோளில் கிடந்த பட்டைக் குழைக்காதனுக்குப் போர்த்தினார். சுண்டை நாடு என்றென்றைக்கும் தனி நாடு, கப்பமில்லை, சுங்கமில்லை என்று அங்கேயே அறிவித்தார். சிநேக நாட்டுக்கு ஒரு தூதர் வேண்டுமே? விசயராயரைத் தூதராக்கினார். இனி தினமும் ஒரு வேளை அவர் இந்த எல்லைக்கு வந்து கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

விசயராயர் வேறு வழியில்லாமல் கல்லோரத்தில் வந்து நின்றார். குழைக்காதன் குச்சியை நீட்டவில்லை. பரிவோடுதான் கேட்டான்.

"சாப்பிட்டாயிற்றா, மந்திரியாரே?"

விசயராயர் 'ஆயிற்று' என்று சொல்லத்தான் வாயெடுத்தார். விடியற்காலையில் ஓடிய ஓட்டம், ஒன்றும் போடாத வயிறு, கேட்டவன் குரலில் கேலியே இல்லாதது எல்லாமாகச் சேர்ந்து அவரை என்னவோ செய்துவிட்டன.

"இல்லை" என்றார், சின்னக் குரலில்.

"நகர்ந்து இடம் விடுப்பா" என்று காவலனிடம் சொல்லிவிட்டு, தையல்நாயகி இன்னொரு இலையை விரித்தாள். ராஜா வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து, ஒரு சுருளைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றைக் குழைக்காதனிடம் நீட்டினார். மகாராஜாவின் உதடு அன்று நன்றாகச் சிவந்திருந்தது.