மிளகளவு ஓட்டை

அரிசி மில் முதலாளி ஆவுடையப்பன் ஹாலில் எட்டடி மீன் தொட்டியும், அதன் அடியில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கீழ்த்தொட்டியும் வைத்தார். “சத்தமே கேட்கக் கூடாது! கரண்ட் போனாலும் சொட்டுத் தண்ணி தரைக்கு வரக் கூடாது!” என்று தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில் உத்தரவு போட்டார்.

பிளம்பர் சூசை, கீழ்த்தொட்டித் தண்ணீரை மேலேற்றும் பைப்பின் நுனியைச் சத்தம் வராதபடி மீன் தொட்டித் தண்ணீருக்குள் முக்கிவிட்டு, அந்தப் பைப்பில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிளகளவு ஓட்டை போட்டான்.

“புதுப் பைப்பை ஓட்டை போடுறவனெல்லாம் பிளம்பராடா?” என்று கத்திய முதலாளி, அதில் தீக்குச்சியைச் செருகி அடைத்தார்.

“சரிங்கய்யா. வேட்டியக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்குங்க” என்று சூசை, கரண்ட் போனது போல, தண்ணீரை ஏற்றிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தினான்.

மேலே போன தண்ணீர் அதே பைப்பில் திரும்பி இறங்கியது. கீழ்த்தொட்டி நிரம்பி வழிந்து முதலாளியின் காலை நனைத்தது. சூசை தீக்குச்சியைப் பிடுங்கினான். ஓட்டை வழியே காற்று புகுந்ததும் தண்ணீர் சட்டென்று நின்றது.

முதலாளிக்கு வாயடைத்துப் போயிற்று.

“சத்தமும் நின்னுடுச்சுங்கய்யா” என்றான் சூசை.