வாய் திறக்காத கெளுத்தி

மீன்களுக்கெல்லாம் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் கெளுத்தியைப் போல ஒரு வாயாடி கிடையாது. நண்டு ஓடு கழற்றியதா, இறால் வீட்டில் சண்டையா, எல்லாம் முதலில் அவன் வாயில்தான் வரும். பேசுகிறவனுக்குக் கேட்க ஆள் வேண்டுமே? அதற்கு மடவை இருந்தான்.

இருவரும் சேக்காளிகள். கடல் தண்ணீர் உள்ளே ஏறியதும் ஒன்றாகக் கண்டல் மரங்களின் வேர்ப்பக்கம் மேயக் கிளம்புவார்கள். மடவை குனிந்து சேற்றைக் கிளறுவான்; கிளம்பும் புழுக்களைக் கெளுத்தி பொறுக்குவான். கலங்கல் தண்ணீரில் மடவைக்குக் கண் தெரியாது. கெளுத்திக்கோ மீசை இருந்தது. எவன் வந்தாலும் தண்ணீர் அசைவது அதில் தெரிந்துவிடும். "மச்சான், பின்னால பாரு" என்பான். மடவை சட்டென்று வேர்களுக்குள் நுழைந்துகொள்வான். இப்படியே காலம் ஓடியதில், தானாகத் திரும்பிப் பார்க்கும் பழக்கமே மடவைக்கு இல்லாமல் போயிற்று.

அந்த வருஷம் கெளுத்தியின் பெண்டாட்டி முட்டையிட்டாள். போன தடவை வேரிடுக்கில் வைத்ததை நண்டுகள் ஒன்று விடாமல் தின்றுவிட்டிருந்தன. அந்த இடத்தைப் பார்க்கவே அவளுக்கு மனம் வரவில்லை. முட்டையிட்ட களைப்பில் எலும்பும் தோலுமாக இருந்தாள். ஆழத்துக்குப் போய் நாலு வாய் தின்றால்தான் உயிர் தங்கும் போலிருந்தது.

"ஏங்க, உங்க வாயை விட்டா எனக்கு வேற இடம் தெரியல" என்றாள். "ஊரையே அளக்குற வாய். அதுல நம்ம பிள்ளைங்களுக்கு இடம் இல்லாமலா போயிடும்? அதுங்க வளர்ந்து வெளியே போற வரைக்கும் திறந்துடாதீங்க."

கெளுத்தி சிரித்துக்கொண்டேதான் முட்டைகளை வாங்கிக்கொண்டான். ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு. வாயை மூடிய பிறகுதான், இனித் தின்னவும் முடியாது, பேசவும் முடியாது என்று உறைத்தது.

அவனுடைய பொழுதே மாறிப்போயிற்று. தண்ணீர் ஏறும், அவன் கிளம்ப மாட்டான். வேரடியில் ஒண்டிக் கிடந்து, முட்டைகளை வாய்க்குள்ளேயே மெல்லப் புரட்டிக்கொண்டிருப்பான். பசி வயிற்றைப் பிடுங்கும். கொஞ்சம் அசந்தால் தாடை தளர்ந்துவிடுமோ என்ற பயத்தில் தூக்கமும் போயிற்று.

மடவை முதலில் கேலி செய்தான். பிறகு தினமும் வந்து கூப்பிட்டுப் பார்த்தான். மீசை மட்டும் ஆடும், பதில் வராது. ஒரு நாள் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "புள்ள பெத்தவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தானா?" என்று கேட்டுவிட்டுப் போனவன், அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. கெளுத்திக்கு அழுகையாக வந்தது. வாய்விட்டு அழவும் அவனால் முடியவில்லை.

முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் வாய்க்குள் நெளிந்து நெளிந்து விளையாடின. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லவும் ஆளில்லை.

ஒரு காலையில் தண்ணீர் கலங்கலாக ஏறிக்கொண்டிருந்தபோது மடவை வந்தான். தனியாக மேய்ந்ததில் வாலில் ஒரு கடி வாங்கியிருந்தான். கோபம் ஆறியிருந்தது. கெளுத்தியின் முகத்துக்கு நேரே வந்து நின்றான்.

"நீ பேச வேணாம் மச்சான். நான் பேசுறேன், நீ கேட்டுக்க."

இத்தனை நாள் கதையையும் மடவை சொல்லத் தொடங்கினான். பட்டினி கிடந்த கெளுத்திக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. அப்போதுதான் மீசை சிலிர்த்தது. மடவைக்குப் பின்னால், கலங்கலுக்குள் மீன்தின்னி கொடுவா வந்துகொண்டிருந்தது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வாயைத் திறந்தால் குஞ்சுகள் அத்தனையும் கொடுவாவின் முன்னால் சிதறிவிடும். மடவையை முட்டித் தள்ளலாமென்றால் காய்ந்துபோன உடம்பு நகரவில்லை. நின்ற இடத்திலேயே நடுங்கினான். மீசை வெடவெடவென்று ஆடியது. அதைப் பார்த்து மடவைக்கு ஒரே சந்தோஷம்.

"சிரிக்கிறியா மச்சான்?" என்று கேட்டான்.

கெளுத்தி வாயைத் திறக்கவில்லை. சேறு அடங்கியபோது அங்கே நாலைந்து செதில்கள் மட்டும் கிடந்தன.

குஞ்சுகள் வளர்ந்து ஒவ்வொன்றாக வெளியே நீந்திப் போயின. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கெளுத்தி வாயைத் திறந்து பார்த்தான், சத்தம் வரவில்லை. உடம்பு தேறித் திரும்பி வந்த பெண்டாட்டி, பிள்ளைகள் பிழைத்தார்களா என்று கேட்டாள். தலையசைத்தான். மடவையண்ணன் எங்கே என்று கேட்டாள். அதற்கு அவன் அசையவே இல்லை. மறு வருஷம் அவள் முட்டையிட்டபோது, அவள் கேட்பதற்கு முன்பே வந்து வாயைத் திறந்து காட்டினான்.

அன்றிலிருந்துதான், பின்னால் வருவதைச் சொல்ல ஆளில்லாத மடவைகள் தண்ணீருக்கு மேலே துள்ளி எழுந்து தாங்களே ஒரு முறை பார்த்துக்கொள்கின்றன. கெளுத்திகளில் தகப்பன்மார் வாய் நிறையப் பிள்ளைகளோடு பட்டினி கிடக்கிறார்கள். வலையில் அகப்பட்டுக் கரையில் விழும்போது மட்டும் அவர்கள் தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வரும். அன்றைக்கு மடவையிடம் சொல்ல வேண்டியிருந்ததைத்தான் இன்னும் சொல்லிப் பார்க்கிறார்கள்.