கசா என்றால்

அருணாசலப் பிரதேச மலைகளில் ஓர் ஆறு. அதன் இரு கரைகளிலும் ஊருக்கொரு மொழி. எல்லாம் ஒருதாய்ப் பிள்ளைகள்தான். ஆனாலும் அடுத்த ஊர்க்காரன் பேசினால் பாதிதான் புரியும். மீதிக்குச் சண்டை வரும்.

ஒரு மாலை, ஜாம்பே என்பவர் மலைமேல் இருந்த மடத்துக்கு மூச்சிரைக்க ஏறி வந்தார். தலை நரைத்தவர். மடத்துப் பிக்குணி யாங்ச்சென்னுக்கு அவர் மகள் வயதுதான். ஆனால் அவருக்கு அவள்தான் குரு.

வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஆளையே காணோமே?"

"ஊர் ஊராக அலைகிறேன், குருவே. கால் ஓய்ந்துவிட்டது. ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டும்."

"என்ன சொல்?"

"கசா."

அவர் மனைவி லாமு அக்கரையில் பிறந்தவள். பாலம் தாண்டி வரும் மணப்பெண் அன்று முதல் கணவன் ஊர் மொழியைத்தான் பேச வேண்டும் என்பது அங்கே வழக்கம். லாமுவும் பேசினாள். வாய் தவறிப் பழைய சொல் வந்தால், "அக்கரைக் காக்கை கத்துது" என்று ஊர் சிரிக்கும். இப்போது காய்ச்சலில் படுத்தவளுக்குப் புகுந்த ஊர் மொழி அடியோடு போய்விட்டது. பிறந்த மொழி மட்டும் மிச்சம். அதிலும் 'கசா' என்ற ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அவள் பிறந்த ஊரோ மண்சரிவில் கலைந்துபோன ஊர். கேட்க ஆளில்லை. வைத்தியரும் கைவிரித்துவிட்டார்.

"மேலூரில் கேட்டேன். கசா என்றால் குளிராம். ஓடிப்போய்க் கம்பளி போர்த்தினேன். உதறித் தள்ளினாள்."

"அப்புறம்?"

"கீழூரில் உப்பு என்றார்கள். வழக்கமான உப்புத் தேநீரில் இன்னொரு பிடி போட்டுக் கொடுத்தேன். என் மேலேயே துப்பினாள்."

பிக்குணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காய்ச்சல்காரியை இப்படியா படுத்துவது?"

"சிரிக்காதீர்கள். பாறையூரில் 'போய்விடு' என்று பொருளாம். வெளியே போய் மழையில் நின்றேன். உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டது."

ஜாம்பே படியில் சரிந்து உட்கார்ந்தார்.

"அவள் உயிர் போவதற்குள் கேட்பதை ஒருமுறையாவது செய்துவிட வேண்டும். உங்களுக்கு இத்தனை மொழி தெரியுமே, எந்த ஊர்ப் பொருள் சரி?"

"அவள் ஊர் மொழி எனக்கும் தெரியாது."

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஆறு பிறக்கும் இடத்தில் ஓர் ஊர் இருக்கிறதாம். விடிந்ததும் அங்கே போய்ப் பார்க்கிறேன்."

"தூரமாயிற்றே. அதுவரை அவள்?"

"மகள் பக்கத்தில் இருக்கிறாள்."

"கசா என்று கத்துகிறாளா?"

"கத்த எங்கே தெம்பு? முணுமுணுப்பாள். என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே சொல்வாள். நான் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்."

யாங்ச்சென் பிளந்த விறகுகளைக் கைநிறைய அள்ளினாள்.

"அந்தக் கைக்குப் பொருள் கேட்டு எந்த ஊருக்குப் போனீர்கள்?"