கோணமடைக்காரர்கள் போட்ட கபடிக் கோடு

கோணமடை ஊர்க்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூளை இருந்தது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊருக்கு டவுனிலிருந்து ஒரு விளையாட்டு அறக்கட்டளை வந்தது. சாயங்காலம் சும்மா கிடக்கிற சனங்களைக் கொஞ்சம் ஓடவிட்டால் சுகர், பிரஷர், வீட்டுச் சண்டை எல்லாம் குறையும் என்பது அவர்கள் எண்ணம். கண்மாய்க்கரைப் பொட்டலில் கோடு போட்டுக் கபடி சென்டர் ஆரம்பித்தார்கள்.

எண்ணம் பலிக்கவும் செய்தது. மாவு மில் ராக்கம்மா, மாத்திரை போட்டாலும் தூக்கம் வராத பொம்பளை. கோட்டுக்குள் இறங்கிய வாரமே குறட்டை விட்டாள். புருஷன் வெயிலுகந்தானோடு போடும் சண்டையும் நின்றது. பொட்டலிலேயே அவர் காலைப் பிடித்துக் குப்புறத் தள்ளியாயிற்று. வீட்டுக்குப் போய் வேறு எதற்குச் சண்டை?

ஆனால் ஆடியது கொஞ்சப் பேர்தான். மிச்ச ஊர் சுற்றி உட்கார்ந்து கடலை கொறித்தது. கோச் மெர்சி மேடத்துக்கு அது பிடிக்கவில்லை.

“வேடிக்கை பாத்தா எப்படிங்க உடம்பு நல்லாகும்? வர்ற ஞாயித்துக்கிழமை நான் வரும்போது ஒருத்தர்கூட கோட்டுக்கு வெளிய இருக்கக் கூடாது. யாரும் சும்மா உக்காந்திருக்கவும் கூடாது. இல்லன்னா சென்டரைப் பக்கத்து ஊர் செவல்குளத்துக்கு மாத்திடுவோம்.”

மேடம் ஸ்கூட்டியில் போனதும் ராக்கம்மா தலையில் கை வைத்தாள்.

“சென்டரு போச்சுன்னா என் தூக்கமும் போச்சே! இனிமே யார் காலப் புடிப்பேன்?”

“என் காலு வீட்டுலதான கெடக்கு,” என்றார் வெயிலுகந்தான் ஆறுதலாக.

“வீட்டுல புடிச்சா ஊரு என்ன பேசும்?”

அது நியாயம் என்று எல்லாருக்கும் பட்டது. உடனே வேலையில் இறங்கினார்கள். முதல் சிக்கல் டீக்கடை முத்தலிபு பாய்.

“நான் உள்ள வந்துட்டா பாலு பொங்கிருமே மாப்ள. அடுப்ப யாரு பாக்குறது?”

ஊர் வெகுநேரம் யோசித்தது. கடைசியில், சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுகிற மொக்கையன் வாயைத் திறந்தான்.

“பாய் கோட்டுக்குள்ள வர முடியல, சரி. கோடு பாய்கிட்டப் போகலாம்ல? கோட்டுக்கென்ன அடுப்பா எரியுது?”

ஊருக்கே புல்லரித்துவிட்டது. பழைய கோட்டை அழித்து, டீக்கடையையும் சேர்த்துப் புதுக்கோடு போட்டார்கள். ஒச்சுக் கிழவர் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார். கோடு கட்டிலைச் சுற்றிப் போனது. ஆடு மேய்க்கும் பேச்சி ஓரிடத்தில் நிற்க மாட்டாள். கோடு மேய்ச்சல் காட்டையே சுற்றியது. சுண்ணாம்பு தீர்ந்தது. ராக்கம்மா மில்லிலிருந்து அரிசி மாவு மூட்டையைத் தூக்கி வந்தாள்.

எல்லாரும் உள்ளே. கோட்டின் இரண்டு முனையையும் சேர்த்துவிட்டு மொக்கையன் நிமிர்ந்து பார்த்தான். அவன் மட்டும் வெளியே நின்றான்.

“அய்யய்யோ, என்னால சென்டரு போயிருமே!” என்று அழுதான்.

“தாண்டி வாடா,” என்றார் வெயிலுகந்தான்.

“கோட்டத் தாண்டுனா அவுட்டு மாமா!”

“ஆமால்ல... அப்ப ஒண்ணு செய்யி. உன்னையும் சேத்து இன்னும் பெருசா ஒரு கோடு போடு.”

போட்டான். முடித்துவிட்டு நிமிர்ந்தால் மறுபடி வெளியே. இன்னும் பெரிசாகப் போட்டான். மறுபடி வெளியே. இப்படியே கோடு மெயின் ரோட்டைத் தாண்டி, கரும்புத் தோட்டத்தைத் தாண்டி, செவல்குளத்தையும் சுற்றி வளைத்துவிட்டது. மாவு தீர்ந்தபோதும் மொக்கையன் வெளியேதான். அசந்துபோய், எதிரே வந்த செவல்குளம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான். பஸ் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தது.

“காலு தரையில படல. அதனால அவுட்டு இல்ல,” என்று வெயிலுகந்தான் தீர்ப்புச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மெர்சி மேடம் வந்தார். பொட்டல் காலி. பாய் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். கிழவர் கட்டிலில் கிடந்தார். மற்றவர்கள் கடலை கொறித்தார்கள்.

“கோடு எங்கங்க?”

“நீங்க கோட்டுக்குள்ள வந்து ரொம்ப நேரம் ஆச்சு மேடம். வழியில மாவு பாக்கலயா?” என்றான் மொக்கையன்.

மேடத்துக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்தது.

“உள்ள இருந்தா மட்டும் போதுமா? எல்லாரும் சும்மா உக்காந்திருக்கீங்க! நான் சென்டரைச் செவல்குளத்துக்கே மாத்திடுறேன்.”

“மாத்துங்க மேடம். அதுவும் உள்ளதான் இருக்கு,” என்றார் வெயிலுகந்தான்.

ராக்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “யாரு சும்மா உக்காந்திருக்கா? செவல்குளத்து ஆளுக அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். இந்தா, நானே பாடிப் போறேன்!” என்று சேலையை வரிந்து கட்டி, ஒரே மூச்சாகக் கபடி பாடிக்கொண்டு கிளம்பினாள்.

எதிராளியைத் தொட இன்னும் இரண்டு மைல் போக வேண்டும். நல்லவேளை, பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

“எங்கம்மா போணும்?” என்றார் கண்டக்டர்.

“கபடி கபடி கபடி கபடி...”

“அப்படி ஒரு ஸ்டாப்பு நம்ம ரூட்லயே இல்லயேம்மா!”

“கபடி கபடி கபடி...” ராக்கம்மாவின் முகம் தக்காளிப் பழமாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வெயிலுகந்தான் கூடவே ஓடினார். “விட்டுராத தாயி! மூச்ச விட்டுராத!”

அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, கண்டக்டர் வண்டியை நிறுத்த விசிலடித்தார்.

ராக்கம்மா டக்கென்று பாட்டை நிறுத்தினாள். விசிலடித்தால் பாட்டு முடிந்தது. எதிராளி யாரையும் தொடவில்லை, கோணமடைக்கும் திரும்பவில்லை. அவுட். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

“நான் வண்டிய நிறுத்தத்தான்யா விசிலடிச்சேன்!”

“அம்பயரு அடிச்சா அடிச்சதுதான்,” என்றார் வெயிலுகந்தான். “ஆட்டம் முடியாம நீங்க போகவும் முடியாது. இந்தா டிரைவரண்ணே, நீங்க எந்த டீமு? யாரும் உக்காந்திருக்கக் கூடாது, எறங்குங்க!”

டிரைவர் சக்கரத்துக்கு முட்டுக்கல் வைத்துவிட்டுச் சண்டை போட இறங்கினார். பயணிகளும் இறங்கினார்கள். மொக்கையன் பஸ்ஸை ஏற இறங்கப் பார்த்தான்.

“எல்லாரும் ஆடணும்னா இது மட்டும் ஏன் சும்மா நிக்குது?” என்று கல்லை உருவிவிட்டான்.

பஸ் இறக்கத்தில் மெதுவாக உருண்டது. டிரைவர் பின்னால் ஓடினார். கண்டக்டர் ஓடினார். பயணிகள் ஓடினார்கள். சத்தம் கேட்டுப் பாய் டீ கிளாஸோடு ஓடி வந்தார். ஒச்சுக் கிழவர்கூடக் கட்டிலை விட்டு எழுந்து ஓடினார். மெர்சி மேடமும் ஓடினார். ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்: கண்ணுக்கு எட்டியவரை ஒருத்தர்கூட உட்கார்ந்திருக்கவில்லை.

“சரி! சென்டர் இங்கயே இருக்கும்!” என்று இரைக்க இரைக்கச் சொன்னார்.

பஸ் இறக்கத்துக்கு அடியில் கிடந்த மாவுக்கோட்டை முன்சக்கரத்தால் மிதித்து, மணலில் புதைந்து நின்றது.

“பஸ்ஸு அவுட்டு!” என்று கத்தினான் மொக்கையன்.

செவல்குளத்துக்குப் போகிற பஸ் செவல்குளத்து டீம்தானே? அந்த டீமில் ஒன்று அவுட்டானால் இந்த டீமில் அவுட்டான ஒருத்தர் உள்ளே வரலாம். ராக்கம்மாவுக்கு உயிர் வந்துவிட்டது. துள்ளிக் குதித்து மூச்சை இழுத்து, “கபடி கபடி” என்று அடுத்த பாட்டை ஆரம்பித்தாள்.

அடுத்த பஸ் சாயங்காலம்தான். அதுவரை ஸ்டாப்பில் நின்று பாடிக்கொண்டிருக்கிறாள்.