கோட்டு சார் வைத்த போட்டி

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. சித்திரை வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து இறங்கினார். தன்னைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசிவிட்டு ஒரு போட்டி வைத்தார்.

"பேர்தான் பிராண்டு. பத்து நிமிஷத்துல இங்க எல்லார் வாயிலயும் உங்க பேர் வரணும். வராதவங்களுக்குச் சான்றிதழ் கிடையாது."

சான்றிதழ் இல்லாவிட்டால் வேலைக்கான நேர்காணலுக்கு விடமாட்டார்கள். மூன்று வருஷமாக ஒரே வகுப்பில் இருப்பவர்கள், முன்பின் தெரியாதவர்கள் மாதிரி ஓடி ஓடிக் கைகொடுத்து அவரவர் பேரைச் சொன்னார்கள். அடுத்தவன் பேரைச் சொல்லத்தான் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. சீனிராஜ் மட்டும் கடைசி பெஞ்சில் கவிழ்ந்து படுத்துக்கொண்டான்.

பயிற்சியாளருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மைக்கில் கத்தினார். "யாருய்யா அது தூங்குறது?"

மாட்டிவிடுவதென்றால் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? வகுப்பே ஒரே குரலில் சொன்னது: "சீனிராஜ் சார்."

"சீனிராஜ், எந்திரி."

எழுந்தான். "எல்லார் வாயிலயும் வந்துருச்சு சார். உங்க வாயிலயும்."

வகுப்பு சிரித்தது. அவருக்கு முகம் சிவந்தது. "இது திருட்டு வேலை. நான் ஒரு மணி நேரம் பேசினேனே, என் பேரை யாராவது மறப்பாங்களா? நீயே கேளு."

சீனிராஜ் திரும்பினான். "சார் பேர் என்னப்பா?"

மறுபடியும் ஒரே குரல்: "கோட்டு சார்."

"பிராண்டு நல்லாப் பதிஞ்சிருக்கு சார்," என்றான் சீனிராஜ். "சான்றிதழ்ல கையெழுத்துக்குக் கீழ உங்க பேரையும் எழுதிக் குடுங்க. வீட்டுல கேட்டாச் சொல்லணும்."