வாசலுக்கு எதிரே ஒரு முட்டு

மலைக்காட்டுச் சோதனைச் சாவடியில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது. அதன் பக்கவாட்டு மூடியை யாரோ கழற்றி வைத்துவிட்டு மறந்துபோனார்கள். உள்ளே தரையில் தொந்தியப்பன் என்ற எலி குடும்பத்தோடு குடியிருந்தது. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே வெதுவெதுப்புதான். அந்த வெதுவெதுப்பைத் தானே உண்டாக்கியதுபோல் காடெங்கும் பீற்றிக்கொண்டு திரிந்தது தொந்தியப்பன்.

உண்மையில் சூடு கொடுத்தது, கூரைபோல் மேலே நீண்டிருந்த ஒரு கிராபிக்ஸ் கார்டு, திரையில் படம் வரவைக்கும் பலகை. நல்ல நீளம், நல்ல கனம். ஒரு முனையைப் பின்சுவரோடு திருகியிருந்தார்கள். மறுமுனை தொங்கிவிடாதபடி, தரையில் நின்ற சின்னப் பிளாஸ்டிக் முட்டு ஒன்று தாங்கிக்கொண்டிருந்தது. கார்டின் மேல் செவந்தி என்ற பல்லி வசித்தது.

தொந்தியப்பனின் மகளைப் பெண் பார்க்க மூங்கில்காட்டு எலிகள் வருவதாக இருந்தது. பெரிய இடம். வீட்டில் குறையிருந்தால் சம்பந்தம் கைநழுவிவிடுமே என்று தொந்தியப்பனுக்கு ஒரே பயம். வாஸ்து பார்க்க ஓணானைக் கூட்டி வந்தது.

ஓணான் தலையை ஆட்டியது. கொடுத்த பூச்சிகளைத் தின்று தீர்த்துவிட்டு மறுபடியும் ஆட்டியது.

"வாசலுக்கு எதிர்ல தூணு நிக்குதே. இது இருக்கிற வரைக்கும் உம்ம பொண்ணுக்கு வரன் அமையாது."

"நானும் நெனச்சேன் சாமி. திரும்பும்போதெல்லாம் வயித்துல இடிக்குது," என்றது தொந்தியப்பன்.

வயிறு பெருத்தது தூணின் குற்றம் போலும்!

செவந்தி மேலிருந்து எட்டிப் பார்த்தது. "அண்ணே, அதுல கை வைக்காதீங்க. திருகு பின்பக்கத்தைத்தான் பிடிச்சிருக்கு. இந்தப் பக்கத்துக்கு அந்த முட்டுதான் துணை."

"திருகு இரும்பு, இது பிளாஸ்டிக். இரும்பு தாங்காததையா இது தாங்குது? சுவத்துல ஒட்டிக் கெடக்கறவ எனக்கு வீடு கட்டச் சொல்லித்தராத," என்று சொல்லிவிட்டு, அந்த முட்டுத்தூணைக் கொறித்து எறிந்தது தொந்தியப்பன்.

கார்டு உடனே விழவில்லை. போதாதா? "பாத்தியா?" என்று செவந்தியைச் சீண்டிக்கொண்டே இருந்தது. கார்டின் முனையோ வெயிலில் வைத்த மெழுகுவர்த்திபோல் தாழ்ந்துகொண்டே வந்தது. செவந்தி சுவருக்கு மாறிவிட்டது.

விருந்தாளிகள் வந்தார்கள். சம்பந்தியைக் கார்டு முனைக்கு நேர் கீழே, நல்ல சூடான இடத்தில் உட்கார வைத்தது தொந்தியப்பன். "எல்லாம் என் சொந்தக் கட்டுமானம்" என்று ஆரம்பித்தது. மடக்கென்று ஒரு சத்தம். கார்டைச் செருகியிருந்த இடம் பிளந்தது. விளக்கு அணைந்தது, விசிறி நின்றது, பெட்டி குளிர்ந்துபோனது.

இருட்டில் சம்பந்தியின் குரல் கேட்டது. "உங்க சொந்தக் கட்டுமானம் என் தலை மேல உக்காந்திருக்கு. கொஞ்சம் தூக்குறீங்களா, நாங்க கிளம்பணும்."

மறுநாள் காவலர்கள் ஆளைக் கூட்டி வந்து பெட்டியைச் சரிசெய்தார்கள். அதே இடத்தில் இரும்பு முட்டு வைத்தார்கள். எலிகளை விரட்டி, பக்கவாட்டு மூடியையும் இறுக்கிப் பூட்டினார்கள். பின்புறத் துளை வழியாகச் செவந்தி மட்டும் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது.

பனியில் நடுங்கிக்கொண்டே தொந்தியப்பன் ஓணானிடம் போய் நின்றது. "தூணை எடுத்தேன் சாமி. வரனும் போச்சு, வீடும் போச்சு."

ஓணான் தலையை ஆட்டியது. "தூணில்லாத வீட்டுல யாருய்யா பொண்ணு எடுப்பாங்க?"

தன்னைத் தாங்குவதையே இடைஞ்சல் என்று வெட்டி எறிபவனுக்கு, தலைமேல் விழுந்த பிறகுதான் அதன் அருமை தெரியும்.