மீன் வாடைக்கு என்ன விலை

பொன்னுத்துரை ஐம்பது வயதுக்கு மேல் ஒரு குருவைத் தேடிக்கொண்டவர். குருவுக்கு முப்பத்திரண்டு. தூத்துக்குடியில் கார் பாலிஷ் கடை நடத்தும் ஜெசிந்தாவிடம் தொழில் பழகிவிட்டு, பைபாஸ் ரோட்டில் சொந்தமாகக் கடை போட்டார். போட்ட பிறகுதான் சந்தேகங்கள் வரிசை கட்டின.

ஒருநாள் காலையில் ஜெசிந்தாவின் முன்னால் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

“எதிர்க்கடைக்காரன் ரேட்டைக் குறைச்சான். நானும் குறைச்சேன். வண்டி வருது, ஆள் நிக்க மாட்டேங்கான். இருக்கிற ஒரே நல்ல வேலைக்காரன் இசக்கி. இன்னையோட நின்னுக்கிடுதேன்னு சொல்லிட்டான். கூட ரெண்டாயிரம் தாரேன்னு கெஞ்சியும் பார்த்தாச்சு. அவன் போனா கடையை மூட வேண்டியதுதான். என்ன ரேட் போட, என்ன சம்பளம் கொடுக்க? நீங்களே சொல்லுங்க மேடம்.”

ஜெசிந்தா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர் கடைக்கே வந்தார். வாசலில் தொங்கிய விலைப் பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார்.

“இனிமே வேலை பார்க்கிறவர்தான் விலை சொல்லணும், அண்ணாச்சி. சொன்னதுல பாதி அவருக்கு.”

“வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டான்னா?”

“சொன்னா, அவர்தானே செஞ்சு காட்டணும்.”

அப்போது ஒரு கார் வந்தது. எல்லாக் கண்ணாடியும் இறங்கியிருந்தது. உள்ளே மீன் பெட்டி கவிழ்ந்துவிட்டதாம். வாடை வாசல் வரை வந்தது.

“எவ்வளவு?” என்று வண்டிக்காரர் பொன்னுத்துரையிடம் கேட்டார். ஜெசிந்தா இசக்கியைக் கை காட்டினார்.

இசக்கி திகைத்துப்போனான். அவனிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. வண்டிக்குள் ஏறினான். விரிப்பைத் தூக்கினான், சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவினான். நிதானமாக இறங்கி வந்தான்.

“நாலாயிரம் சார்.”

பொன்னுத்துரை சுவரோரம் கிடந்த விலைப் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

“எதிர்த்தாப்புல எண்ணூறுதான் வாங்குதாங்க!” என்றார் வண்டிக்காரர்.

“அங்க செண்ட் அடிச்சுத் தருவாங்க சார். நான் சீட்டைக் கழட்டணும். அடிக் கார்ப்பெட்டை எடுத்துக் கழுவி, வெயில்ல போட்டு எடுக்கணும். நாளைச் சாயங்காலம் வாங்க. வாடை இருந்தா காசு வேண்டாம்.”

வண்டிக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“போன வாரம் அங்கதான் தம்பி கொடுத்தேன். ரெண்டே நாள்ல வாடை திரும்ப வந்துட்டு.”

சாவியை இசக்கியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இன்றோடு நின்றுகொள்வதாகச் சொன்னவன், நாளைச் சாயங்காலம் என்று வாக்குக் கொடுத்ததைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அதற்குள் சீட்டின் முதல் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

மறுநாள் சாயங்காலம் வண்டிக்காரர் உள்ளே உட்கார்ந்து எல்லாக் கண்ணாடியையும் ஏற்றினார். மூச்சை நன்றாக இழுத்தார். இறங்கி வந்து இசக்கியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இசக்கி அப்படிச் சிரித்து அந்தக் கடை பார்த்ததே இல்லை.

“அண்ணாச்சி, ஒரு கருப்பு வண்டிக்கு விலை சொல்லியிருக்கேன். காலையில சீக்கிரம் கடையைத் திறங்க” என்று முதலாளிக்கே உத்தரவு போட்டுவிட்டுப் போனான்.

பொன்னுத்துரைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஜெசிந்தாவின் கடைக்கு ஓடினார்.

“கெஞ்சினப்ப நிக்காதவன் இப்ப எப்படி மேடம் நின்னான்?”

“நீங்க எவ்வளவு தருவேன்னுதான் சொன்னீங்க, அண்ணாச்சி. அவர் வேலை எவ்வளவு பெறும்னு அவர்கிட்ட கேட்கவே இல்லையே.”